மலைக்கு அந்தப் பக்கத்து மழை

பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் ஒரு சொட்டுகூட விழாத அந்த ஆவணி மாதக் காலையில், மலைக்குப் பின்னாலிருந்து ஈர மண்வாசனை குப்பென்று வந்தது. அது என் மூக்குக்கு எட்டியது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

திருவண்ணாமலை மழை ஓரவஞ்சனை பிடித்தது. ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வரும் மேகம் பல நாள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான அடி அண்ணாமலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு டவுனுக்குக் கையை விரித்துவிடும். ஐப்பசியில் கடல் பக்கத்திலிருந்து வரும் மேகம் டவுனை நனைத்துவிட்டு அந்த ஊருக்குக் ‘கம்மி’ பண்ணிவிடும். பருவக்காற்றுப் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பித்ததால், ஏழாம் வகுப்பில் மழை அளக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கழுத்தை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஸ்கேலை ஒட்டி மாடியில் வைத்திருப்போம். தினமும் அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் ‘மழைக்காரி’ என்று கூப்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் செல்வி என்னைவிட நன்றாக வரைபடம் வரைவாள். அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் இருவரில் ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பதாக டீச்சர் சொல்லியிருந்த நாளில், அவள் முழங்கால்வரை சேறோடு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நின்றாள்.

“செம மழை டீச்சர். ஓடையில தண்ணி போவுது, வடியட்டும்னு நின்னுட்டேன்.”

“இங்க ஒரு பொட்டு இல்ல. கதை விடறியா?” என்ற டீச்சர், என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு, எவ்ளோ மழை?”

“பாட்டில்ல ஒண்ணுமே இல்ல டீச்சர்.”

சொன்னது உண்மைதான். அவ்வளவு கேவலமான உண்மையை நான் வேறெப்போதும் சொன்னதில்லை. செல்வி மதியம்வரை ஈரப் பாவாடையோடு வகுப்புக்கு வெளியே நின்றாள். கண்காட்சிக்கு நான் போனேன். “உனக்கும் வாசனை வந்துச்சு இல்ல?” என்று மட்டும் செல்வி கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது அந்த ஓடை வீட்டுமனைகளுக்கு அடியில் போய்விட்டது. பாட்டிலும் இல்லை, மலையின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் செல்போன் வானிலையில் ஒரே மேகம்தான் தெரிகிறது. போன ஐப்பசியில் டவுன் பக்கத்து வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் போகையில் தெப்பமாக நனைந்து, அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அங்கே ரோடு காய்ந்து கிடந்தது. கடைக்காரி செல்வி. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“உங்க பக்கம் நல்ல மழையா? இந்தா, தலைய தொவட்டு” என்று துண்டை நீட்டினாள். வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் சொல்வதற்கு முன்பே நம்பிவிட்டாள். அந்தத் துண்டில் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தேன்.