வாய்க்கால் காய்ந்திருக்கும் மாதங்கள்

பள்ளி திறந்த வாரத்திலேயே கணக்கெடுப்பை முடித்துவிடச் சொன்னார் தலைமையாசிரியை. பூதலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு காலையும் மாலையும் வந்துபோகும் ஒரே டவுன் பஸ்ஸை நிறுத்தப்போவதாகப் பேச்சு. பிள்ளைகளுக்கு அது வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினால் டெப்போவில் யோசிப்பார்களாம். கணக்கு ஆசிரியர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

“நாலு ஆப்ஷனுக்கு மேல போகாதீங்க சார். போன தடவை நீங்க போட்ட வட்டம், கேக் வெட்டத் தெரியாதவன் வெட்டின மாதிரி இருந்துச்சு” என்றார் தலைமையாசிரியை.

நடந்து, சைக்கிள், பஸ், மற்றவை. ஆளுக்கு ஒரு பதில். விளக்கம் எழுதச் சொல்லும் கேள்வி வேண்டாம். அதற்கு வண்ணம் பூச முடியாது. வட்டம் அழகாகத்தான் வந்தது. பெரும்பகுதி பச்சை, அதாவது ‘நடந்து’. பஸ்ஸுக்கு ஒரு சிவப்புக் கீற்று.

“இதக் கொண்டுபோனா இன்னைக்கே நிறுத்திடுவாங்க” என்றார் அவர்.

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பாதிப் பேர் வாய்க்காலுக்கு அக்கரை. ஜூனில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்; இறங்கி ஏறினால் பள்ளி. ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் பாலம் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும், அதற்குத்தான் பஸ். ஆண்டுதோறும் தண்ணீர் வந்த தேதியையும் நின்ற தேதியையும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறவன் நான். ஆனாலும் கேள்வித்தாளில் மாதத்துக்கு இடம் விடத் தோன்றவில்லை.

அந்த வாரம் அக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். நடவுக்கும் களைக்கும் போகிறவர். மகள் பிளஸ் டூ.

“பஸ்ஸ நிறுத்துனா எம் பொண்ண அனுப்ப மாட்டேன் சார். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் அனுப்பு அனுப்புன்னு வீட்டுப் பக்கம் வந்து நிக்காதீங்க.”

மறுபடி கேட்டேன். இந்த முறை மாதவாரியாக: எந்த மாதம் எதில் வருகிறாய்? வட்டத்தை விட்டுவிட்டு, பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மாதத்துக்கு ஒரு தூண் நிறுத்தினேன். ஆடியில் எழும்பி, ஐப்பசி, கார்த்திகையில் உச்சிக்குப் போய், மாசியில் தரையோடு படுத்தது. யார் பார்த்தாலும் ஒரு நொடியில் புரியும். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டெப்போ மேலாளருக்கும் ஒரு நொடியில் புரிந்தது.

“நல்லாப் போட்டிருக்கீங்க சார். ஆடியிலேர்ந்து தை வரைக்கும் விட்டுடலாம். மாசிக்கு அப்புறம் ஆளே இல்லையே, நீங்களே காட்டிட்டீங்க.”

படம் அவர் பக்கம் இருந்தது.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, தை வரைக்கும் பஸ் உண்டு, பிறகு வாய்க்கால் காய்ந்துவிடும், நடந்தே வரலாம் என்றேன்.

“காயும் சார். அறுப்பு மெஷின் வந்து அறுத்துட்டுப் போயிடும். அப்புறம் வயல்ல ஒரு மனுசத்தலை இருக்காது. நீங்க ஸ்பெஷல் கிளாஸ்னு இருட்டுறப்பத்தான் விடுவீங்க. பயிர் நிக்கிறப்பயாச்சும் கூப்பிட்டா யாராவது திரும்பிப் பாப்பாங்க. பஸ்ஸே மாசியிலதான் வேணும். அதக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. எப்படி வருகிறாய் என்று கேட்டேனே தவிர, எப்படி வர விரும்புகிறாய், எந்த நேரத்தில், யாரோடு என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு தாளில் அடங்கியிருக்காது. தூண்களும் இவ்வளவு அழகாக எழுந்திருக்காது.

தலைமையாசிரியையிடம் போனேன். “சிறப்பு வகுப்ப காலையில வச்சுக்கலாமா மேடம்?”

“காலை வகுப்பு இங்கிலீஷ் சாரோடது, அவரு விடுவாரா? நீங்க வேற.”

தை முடிந்ததும் பஸ் நின்றது. மகளை அந்த அம்மா நிறுத்திவிடவில்லை. மாசி முழுக்க, கிடைத்த கூலி வேலை முடிந்து, புழுதிக்காலைக் கழுவியும் கழுவாமலும் பள்ளி கேட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் அவரோடு நடந்தது மகள் மட்டும். பிறகு அக்கரைப் பெண்பிள்ளைகள் எல்லோரும் அவர் பின்னால். கையில் ஒரு டார்ச். என்னைப் பார்த்தால், “இன்னும் எத்தன கணக்கு பாக்கி சார்? காலு வலிக்குது” என்பார்.

அடுத்த ஜூனிலும் இதே தாளில் கணக்கெடுப்பு உண்டு என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண்கள் மாசி மாதத்துக்கு நேரே ‘நடந்து’ என்றுதான் குறி போடுவார்கள்.