மூடுபனித் திராட்சை

காய்ச்சல் விட்ட பிறகும் என் மூக்குக்கு மணம் திரும்பவில்லை. ஜெர்மனியின் பான் நகரில் எங்கள் தெருவில் லின்டன் மரங்கள் பூத்திருந்தன. போகிறவர்கள் ஒரு கணம் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த மரங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவை போல இருந்தன. வைத்தியர் கிராம்பு, எலுமிச்சை, ரோசா, யூக்கலிப்டஸ் எண்ணெய்களைக் காலையும் மாலையும் முகரச் சொன்னார். நான்கும் வெறும் காற்றாகவே இருந்தன. சமைக்கும்போது கணவரைக் கூப்பிடுவேன்.

"வெங்காயம் வதங்கிட்டுதோ எண்டு மணந்து சொல்லுங்கோ."

அவர் வந்து சட்டிக்கு மேலே குனிவார். "ஓம், இப்ப தூளைப் போடும்."

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் இத்தாலிய வைன் கடை இருக்கிறது. வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்பதால் நான் அதற்குள் போனதே இல்லை. ஒருநாள் எனக்கு வந்த பார்சலை அங்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுக்கப் போனேன். கடைக்காரி ஐம்பதைக் கடந்தவர், வட இத்தாலியிலிருந்து வந்தவர். ஒரு கிளாஸைச் சுழற்றி என்னிடம் நீட்டி, என்ன மணக்கிறது என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஒன்றுமில்லை. காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு மணம் தெரிவதில்லை."

அவர் இரக்கம் காட்டவில்லை. "நாக்கு இருக்கிறதல்லவா? வியாழக்கிழமை பின்னேரம் போத்தல்கள் திறப்பேன். வாருங்கள்" என்றார்.

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாழக்கிழமை எனக்கு அரைநாள்தான். போனேன். கிளாஸின் அடியை மறைக்குமளவு ஊற்றி, வாயில் உருட்டித் துப்பிவிடச் சொன்னார். சுவரில் இத்தாலியின் வரைபடம் தொங்கியது. அதில் விரல் வைத்து வைத்துப் பேசுவார். சிசிலியில் எட்னா எரிமலையின் சரிவில் கறுத்த சாம்பல் மண்ணில் கொடிகள் நிற்கின்றனவாம். கீழே பழம் பறிக்கும் நாட்களில் மேலே உச்சியில் பனி விழுந்திருக்குமாம். வெரோனாவுக்கு அருகே பறித்த குலைகளைத் தட்டுகளில் பரப்பி, குளிர்காலம் முழுக்க வாட விடுவார்களாம். சுருங்கிய அந்தப் பழங்களிலிருந்து அமரோனே என்ற கனத்த வைன் வருமாம். அவருடைய ஊர் பியெமோந்தே. அங்கே நெப்பியோலோ பழுக்கும் காலத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறும். மலை உச்சி ஊர்கள் மட்டும் வெள்ளைக் கடலில் தீவுகள் போல மிதக்கும். மூடுபனிக்கு அவர்கள் சொல்லும் சொல்லிலிருந்துதான் அந்தத் திராட்சைக்கே பெயர் வந்ததாம்.

கேட்டுவிட்டு மாடிப்படி ஏறும்போது, படிகளில் அந்தப் பனி படர்ந்திருப்பது போலவும், எங்கள் வீட்டுக் கதவு எங்கோ மேலே மிதப்பது போலவும் இருக்கும்.

மணமில்லாமல் சுவைத்தால் வைனில் மிஞ்சுவது கொஞ்சம்தான். புளிப்பு, கசப்பு, தொண்டையில் ஒரு சூடு. நெப்பியோலோவில் இன்னொன்றும் இருந்தது. பல் முரசெல்லாம் இறுகிப் பிடிக்கும்.

"ஜெர்மனில் இதை 'இழுத்துப் பிடிக்கிறது' என்போம். உங்கள் மொழியில்?"

"துவர்ப்பு."

அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். முடிவில் வரும் குறுகிய 'உ' அவருக்கு வரவேயில்லை.

மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, ஒரே தோட்டத்தின் இரண்டு நெப்பியோலோக்களைத் திறந்தார். ஒன்று வெயில் கொளுத்திய ஆண்டினது, மற்றது மழை ஓயாத ஆண்டினது. வெயில் ஆண்டு நாக்கில் தடிப்பாக நின்றது. மழை ஆண்டின் கிளாஸை வெறும் பழக்கத்தில் முகர்ந்தேன்.

"வெளியே தெருவுக்குத் தார் போடுகிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். நனைந்த தெருவில் ஒருவரும் இல்லை. மெல்லத் திரும்பி, "பழைய நெப்பியோலோவில் தார் மணக்கும். ரோசாவும் மணக்கும்" என்றார்.

மரப்பெட்டி ஒன்றில் உட்கார்ந்து மறுபடி முகர்ந்தேன். ரோசா இல்லை. தார் மட்டும் தூரத்திலிருந்து வருவது போல வந்தது, போனது. அவர் கடைக் கதவைப் பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

அன்று வீட்டில் சோப்பு, மிளகாய்த்தூள், கணவர் கழற்றிப் போட்ட சேட்டு எல்லாவற்றையும் முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. மற்ற மணங்கள் பிறகு, தங்களுக்குப் பிடித்த வரிசையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்தன. கோப்பி மட்டும் இன்றைக்கும் ரப்பர் எரிவது போலத்தான் இருக்கிறது.

பிறகொரு வியாழக்கிழமை கணவரும் வந்தார். கிளாஸுக்குள் மூக்கை விட்டு நெடுநேரம் நின்றார்.

"என்ன மணக்குது?" என்றேன்.

"வைன் மணக்குது."

நான் மொழிபெயர்த்ததும் கடைக்காரி சிரித்து, அது சரியான பதில்தான் என்றார். புறப்படும்போது புது நெப்பியோலோ ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். இப்போது திறந்தால் வாயைக் கடிக்கும், பத்து வருடமாவது இருட்டில் கிடக்கட்டும் என்றார்.

நிலவறைக்குக் கொண்டு போனோம். அரிசி மூட்டைக்கும் குளிர்கால டயர்களுக்கும் நடுவே கணவர் அதைச் சாய்த்து வைத்தார்.

"பத்து வருஷமோ? அப்ப நாங்கள் எங்க இருப்பம்?"

"இஞ்சதான்," என்றேன்.

அவர் குனிந்து, போத்தல் உருளாமல் இருக்க ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்தார்.