கை தூக்காத ரோபோ

போன சனிக்கிழமை ஒரு சின்னப் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரை நான் சீமெந்துத் தரையில் போட்டு உடைத்துவிட்டேன்.

பயப்படாதீர்கள். அவர் ஒன்றரை அடி உயரம். பற்றறியில் ஓடுபவர். ரோபோ!

என் தங்கை மலர் ஸ்கந்தபுரத்தில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகள் யாழினிக்கு ஐந்து வயது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் மூச்சுத் திணறிப் பிறந்தவள். இடது கால் கொஞ்சம் இழுக்கும். இடது கைதான் பெரிய பிரச்சினை. இறுகிப்போய், விரல்கள் எப்போதும் பொத்தியபடியே இருக்கும். தினமும் கையைத் தூக்கி விரல்களை விரித்துப் பயிற்சி கொடுக்காவிட்டால் அப்படியே மடங்கி நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். செய்விப்பது யார்?

கிளிநொச்சியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே பயிற்சி கொடுப்பவர் ரிஸ்மினா ரீச்சர். வவுனியாவிலிருந்து வந்து தங்கி வேலை செய்கிறார். சரியான பொறுமைசாலி. ஆனால் அவருடைய விரல் யாழினியின் கையில் பட்டால் போதும்… அலறல் றோட்டு வரை கேட்கும்.

“மூண்டு மாசமாப் பாக்கிறன் அண்ணை, கை இன்னும் இறுகிக்கொண்டுதான் போகுது,” என்று மலர் என்னிடம் அழுதாள். “நாளைக்கு நான் இல்லாட்டி ஒரு சட்டையைக்கூட அவளாப் போட ஏலாதே.”

அந்த நேரத்தில்தான் என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வந்தான். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு ஊர் பார்க்க வந்தவனின் பெட்டிக்குள் இந்த ரோபோ. றிமோட்டை அமத்தினால் நடக்கும், குனியும், கை தூக்கும்.

“அங்கை வெளிநாட்டிலை ஏலாத பிள்ளையளுக்கு ரோபோவை வைச்சுப் பயிற்சி குடுத்துப் பாக்கினம் அத்தான். யாழினிக்கும் ஒருக்காக் காட்டிப் பாருங்கோவன்.”

சிரித்துவிட்டேன். மனிதர் கெஞ்சி நடக்காதது பிளாஸ்டிக்கால் நடக்குமா? இருந்தாலும் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

ரோபோவைக் கண்டதும் யாழினி தாய்க்குப் பின்னால் ஒளிந்தாள். ரிஸ்மினா ரீச்சர் றிமோட்டை அமத்தினார். ரோபோ இடது கையைத் தூக்கியது. இறக்கியது. மறுபடி தூக்கியது. அது அவளைத் தொடவில்லை, கெஞ்சவில்லை, ஏசவில்லை.

நாலாவது தடவை… யாழினியின் இடது முழங்கை உடம்பை விட்டு மெல்ல விலகியது. மலர் என் சேர்ட்டைப் பிடித்த பிடியில் ஒரு தெறி கழன்று விழுந்தது.

ஆறு கிழமையில் கை தோள் மட்டத்துக்கு வந்துவிட்டது. விரல்கள் மட்டும் விரியவில்லை.

இந்த நிலையில்தான் போன சனிக்கிழமை. ரோபோவை நிலையத்து அலுமாரியிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று நான் முந்திக்கொண்டு போனேன். கை வழுக்கியது. டமார்!

எடுத்து நிறுத்தினோம். நடந்தது. வலது கையைத் தூக்கியது. இடது கை தொங்கியது. றிமோட்டை அமத்த அமத்தக் ‘கிர்ர்ர்’ என்ற சத்தம் மட்டும்தான்.

மலர் என்னைப் பார்த்தாள். ரீச்சர் றிமோட்டை மேசையில் வைத்துவிட்டார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆறு கிழமை உழைப்பு என் அவசரத்தால் போயிற்றே! இனி இந்தப் பிள்ளை பழையபடி அலறத் தொடங்கினால்?

யாழினி அந்தத் தொங்கிய கையைப் பார்த்தாள். பிறகு காலை இழுத்து இழுத்து வந்து ரோபோவின் முன்னால் குந்தினாள்.

“கை நோகுதோ?” என்று அதனிடம் கேட்டாள்.

அது விழாமலிருக்க வலது கையால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மிச்சமிருந்தது இடது கைதான். பொத்தியிருந்த அந்தக் கை முன்னால் வந்தது. ஒரு விரல் நிமிர்ந்தது. இன்னொன்று. கடைசியில் பெருவிரல். ரோபோவின் கையைப் பற்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு, மேலே தூக்கினாள்.

“மெல்ல… மெல்ல… அழக்கூடாது, என்ன?”

ரீச்சர் தினமும் அவளுக்குச் சொல்கிற அதே வார்த்தைகள்! ரீச்சர் யன்னல் பக்கம் திரும்பி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். மலர் சிரித்தபடி அழுதாள். நான் கிடைத்த கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டேன். அப்பாடா!

முழுதாகச் சுகமா? இல்லை. இரண்டு விரல்கள் இன்னும் அடம்பிடிக்கின்றன. ஆனால் இப்போது யாரும் அவளைக் கூப்பிட வேண்டியதில்லை. தன் நோயாளிக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவளே பயிற்சி கொடுக்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்கு உதவி செய்யத்தான் நாங்கள் எல்லோரும் ஓடித் திரிந்தோம். அவளிடம் ஓர் உதவி கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா?

குற்ற உணர்ச்சி விடவில்லை. நேற்று ரீச்சரிடம் போய், “ரவுணிலை ரேடியோ திருத்திற ஒருத்தரைத் தெரியும். குடுத்தால் ரெண்டு நாளிலை சரிப்படுத்தித் தருவார்,” என்றேன்.

ரீச்சர் பதறிப்போனார்.

“அல்லாவுக்காகச் சொல்லுறன் அண்ணன்… அதை மட்டும் திருத்திப்போடாதேங்கோ!”