டொக்கும்போ விற்பனைக்கு இல்லை

"கார் இல்லைங்க, மனுஷங்க."

கோலாப்போ போனை எடுத்தால் வணக்கத்துக்கு முன்னால் இதுதான் வரும். பல் துலக்கும்போது வாயில் நுரையோடு சொல்வான். கிழங்கு மாவில் கிண்டிய அமலா உருண்டையை எவெடுக் கீரைக் குழம்பில் முக்கி வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் மணி அடித்தாலும் உருண்டையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுச் சொல்வான்.

வினையெல்லாம் அவன் எழுதிய போஸ்டரால் வந்தது. படித்து முடித்து வெளிநாட்டுக்கு ஓடியவர்களைத் திருப்பிக் கொண்டுவர, இபடான் நகரத்தில் ஏழு பேர் சேர்ந்து இயக்கம் தொடங்கினார்கள். எழுத்து வேலை இவனுக்கு. கடல் தாண்டிப் பிறந்து ஊர் வந்து சேரும் பிள்ளைக்கு டொக்கும்போ என்று பெயர் வைப்பார்கள். அதில் ஒரு பாசம் இருக்கிறதே என்று, 'டொக்கும்போ வேண்டும்! உடனே அழையுங்கள்!' எனக் கொட்டை எழுத்தில் அடித்தான். கப்பலில் வந்து இறங்கும் பழைய காருக்கும் அதே பெயர்தான் என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இவனுக்கும் தெரியும், அன்றைக்கு மறந்துவிட்டது. மறந்தவன், சுவர் பெரிதாக இருக்கிறதே என்று ஒட்டிய இடம் கார்ச் சந்தையின் மதில்.

வருகிற அழைப்பை அவன் வீணாக்குவதில்லை.

"அண்ணே, கார் கிடக்கட்டும். உங்க வீட்ல யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா?"

"தம்பி இருக்கான். அவன் அனுப்புற காசுலதான் காரே வாங்கப் போறேன். அவனை இங்க கூப்பிட்டுட்டா, நீயா குடுப்பே?"

ஏழு பேரில் ஐந்து பேர் இப்போது கனடாவிலிருந்து இயக்கத்துக்கு ஆதரவு தருகிறார்கள். முதலில் விமானம் ஏறியவர் தலைவர். மிச்சம் கோலாப்போவும் அரினோலாவும். அவள் பேட்டை மருத்துவமனையில் நர்ஸ். அங்கே இருந்த டாக்டர் வெளிநாடு போய் எட்டு மாதமாகிறது. அவர் நாற்காலியில் ஊசி மருந்து அட்டைப்பெட்டி கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது. அரினோலாவுக்கும் வெளிநாட்டு வேலைக் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும்.

"ஒரே ஒரு டாக்டரைக் கொண்டுவா, நான் போகலை. இல்லேன்னா சரின்னு எழுதிடுவேன். வழியனுப்ப வந்து மூக்கைச் சிந்திட்டு நிக்காதே."

"நான் எதுக்குச் சிந்தறேன்? உன் விருந்துல உன் பங்கையும் சேர்த்துத் தின்னுட்டு வருவேன்."

சொன்னவன் அன்று ராத்திரி பட்டினி.

புதன்கிழமை மத்தியானம் இருபதாவதோ இருபத்தோராவதோ அழைப்பு. பெண் குரல். "டொக்கும்போ வேணும்னு ஒட்டியிருக்கீங்களாமே?"

மனுஷங்க, மனுஷங்க என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு நாக்கு வறண்டிருந்தது. சரி, விளையாடிப் பார்ப்போம் என்று குரலைக் கனமாக்கிக்கொண்டான்.

"எந்த வருஷ மாடல்?"

"எண்பத்தாறு."

"பழசு. எவ்வளவு ஓடியிருக்கு?"

"பதினோரு வருஷம். பாதி ராத்திரி ஓட்டம்."

"எஞ்சின் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி. குளிர் வந்தாத்தான் காலையில கிளம்ப அழுவுது."

"வண்டி இப்ப எங்க நிக்குது?"

"மான்செஸ்டர்ல. குழந்தைங்களுக்கு வைத்தியம் பார்த்துட்டு நிக்குது."

கோலாப்போ எழுந்துவிட்டான். யாரும் பார்க்காத போனுக்கு முன்னால் மரியாதைக்கு முட்டியால் தரையைத் தொட்டு எழுந்தான். "அக்கா! மன்னிச்சுடுங்க அக்கா! நீங்க டாக்டரா?"

"ஆமா, டாக்டர் இபிரோங்கே. ஊர்லேருந்து அனுப்பின உன் போஸ்டர் படத்தைப் பார்த்துட்டு ரெண்டு நாளாச் சிரிச்சேன். மூணாவது நாள் சிரிப்பு வரலை, அதான் கூப்பிட்டேன்." குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாதே. அங்க கரண்டு எப்படி?"

இந்தக் கேள்விக்கு இயக்கத்தில் மனப்பாடமான பதில் ஒன்று உண்டு: 'முன்னைக்கு இப்ப ரொம்பத் தேவலை.' அதை எடுத்துவிட வாயைத் திறந்தான். மின்விசிறி நின்றது. அடுத்த வீட்டுத் தையல்காரர் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். அது இருமி, புகை கக்கி, தெருவே அதிர உறுமத் தொடங்கியது.

கோலாப்போ வாயை மூடிக்கொண்டான். ஜன்னலுக்குப் போய், அவளே கேட்டுக்கொள்ளட்டும் என்று போனைப் பிடித்த கையை நீட்ட முடிந்த மட்டும் வெளியே நீட்டினான்.

"பைத்தியமாடா உனக்கு? ஜன்னலை மூடு! போச்சு, எல்லாம் போச்சு!" என்று கத்தினாள், 'நீங்க டாக்டரா' என்றது காதில் விழுந்து வாசலில் வந்து நின்ற அரினோலா.

அவன் திரும்பவில்லை. புகை முகத்தில் அடித்தது. போனைக் காதுக்குக் கொண்டுவரத் துணியாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே நீட்டியபடி நின்றான்.