மாலையோடு விழுந்த மாணிக்கவேல்

மாணிக்கவேல் என்கிற பேரைச் சரளா முதன்முதலாகக் கேட்டதே ஒரு வசவோடுதான். கோவளத்து மீன் ஏலத்தில் அவள் அத்தை தையல்நாயகி, "எங்க நாத்தனா மவன் மாணிக்கவேலு, குடிச்சிட்டு வலை மேலயே படுத்துகினு கீறான்" என்று காறித் துப்பினாள். பிறகு அந்த நாத்தனார் மகனுக்கே இவளைக் கட்டியும் வைத்தாள்.

கடலை விட்டுக் கீழ்க்கட்டளையில் மீன் கடை போட்ட பிறகும் குடி போகவில்லை. சரளா தினமும் அவன் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும் மனுஷன் ஆடிப்போனான். குடியை விட்டு, கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டான். மீனைத் தொடுவதில்லை, கடையைச் சரளாவின் தம்பி குணா பார்த்துக்கொண்டான். ஒருவேளைச் சாப்பாடு. பெண்டாட்டிக்கும் அவன் 'சாமி'தான்.

ஒரு காலை, பூஜைக்குப் போனவன் தள்ளாடிக்கொண்டு திரும்பினான். கறுப்புச் சட்டை வேர்வையில் தொப்பல். நாக்குக் குழற, குணாவைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். மாலையோடு குடித்துவிட்டானே என்று தெருவே வாயைப் பொத்திக்கொண்டது.

"சாமியாம் சாமி. இன்னா தெகிரியம் கீது இவனுக்கு? மாலைய கழட்டுக்கா" என்றான் குணா.

மாணிக்கவேல் சுவரோடு சரிந்தான்.

"கெடந்து தெளியட்டும். கதவ சாத்திட்டு வா" என்றான் குணா.

மாலையைக் கழற்றக் குனிந்தவள் பழக்கத்தில் வாயை மோந்தாள். நாற்றமே இல்லை. மறுபடி மோந்தாள். இல்லை. அவன் நேற்று மத்தியானத்திலிருந்து பட்டினி. காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்தது அவள் கைதான்.

நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னார்கள், வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்றார்கள். மோரோடு வந்த குணாவின் கையைத் தட்டிவிட்டாள்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் ஹெப்சி அவன் விரலில் குத்திப் பார்த்தாள். "சுகர் ரொம்ப எறங்கிடுச்சும்மா" என்று நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். அவன் மெதுவாகக் கண் திறந்து, "இன்னா இம்மாங் கூட்டம்?" என்றான்.

"தூங்கட்டும்னு வுட்டிருந்தா?" சரளா கேட்டாள்.

"எழுந்திருக்கவே மாட்டாரும்மா."

குணா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மாத்திரையின் வேகத்தில் சர்க்கரை திரும்ப இறங்கும் என்று மாணிக்கவேலை ஆஸ்பத்திரியில் தங்க வைத்து, மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள்.

விரதம் முடிந்து, மாணிக்கவேல் இப்போது கீழ்க்கட்டளைக் கடையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருக்கிறான்.