தங்கவேல் அண்ணன் வீட்டுக் கடல்

தங்கவேல் அண்ணன் போய்விட்டாராம். காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது போன்... அவருடைய தங்கச்சி மகன் முருகன்.

வாய் நிறைய நுரையோடு "எந்தத் தங்கவேலுப்பா?" என்று கேட்டுத் தொலைத்தேன். போடியில் தங்கவேலுக்கா பஞ்சம்.

"மீன்தொட்டி மாமாண்ணே" என்றான்.

அப்புறம் வாய் கொப்பளிக்கக்கூடத் தோன்றவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் போடிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு ஏலக்காய் எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை. வேலை என்றால்... வேலைக்கு வந்த ஆள் பேரை ஏட்டில் போடுவது, மிச்ச நேரம் ஊர்வம்பு. அண்ணன் அங்கே ஸ்டோர் பொறுப்பு. பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் ஸ்டோர் என்று பெயர்.

கப்பலுக்குப் போகிற லோடோடு தூத்துக்குடி போன மனுஷன், ஒரு தடவை உப்பளத்துக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். ஞானம் மதினி. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். (எஸ்டேட் முழுக்க இதே பேச்சு. முக்கால்வாசி என் வாய் வழியாகப் போனதுதான்.)

மதினிக்கு மலையில் எல்லாம் பிடித்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்தில் தூங்கிய உடம்பு. மலையில் மேகம் இறங்கிவிட்டால் ஒரு சத்தமும் இருக்காது...

"காதுல பஞ்ச அடைச்சு வச்ச மாதிரி இருக்குங்க. என்னைய எங்கையாவது கடக்கரையில கொண்டுபோயி விட்டுருங்க." சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியையும் கட்டி வைத்துவிட்டார்.

அண்ணன் ஆடிப்போனார். இவளைக் கடலுக்கு அனுப்புவதற்குப் பதிலாகக் கடலை மேலே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவுகட்டினார். சத்தியமாக இப்படித்தான் என்னிடம் சொன்னார்.

அடுத்த லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு கண்ணாடித் தொட்டி, காற்று ஊதுகிற சின்ன மோட்டார், பார்க்கல் என்கிற பவளப்பாறைத் துண்டுகள், கேன் கேனாகக் கடல் தண்ணீர். (இப்போது அந்தக் கல்லைத் தொட்டாலே கேஸ். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.) போடியிலிருந்து ஜீப்பில் ஏற்றினோம். அடிவாரச் செக்போஸ்ட்டில் மறித்தார்கள். மலைக்குப் போகிற கேனில் சாராயத்தைத் தவிர வேறென்ன இருக்கும்?

போலீஸ்காரர் ஆசையாக ஒரு மடக்கு ஊற்றிப் பார்த்தார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்...

"எதுக்குய்யா இத்தனை உப்புத் தண்ணி?"

"வீட்டுக்காரிக்கு சார்."

குறுக்குக் கம்பைத் தூக்கி ஜீப்பை விட்டுவிட்டார்.

கொண்டுவந்த அன்றே, கூடவே வாங்கிவந்த இரண்டு மீனையும் விட்டார். விடிந்தால் இரண்டும் மல்லாக்க மிதக்கின்றன. தூத்துக்குடியில் கலர்மீன் விற்கிறவர் திட்டினாராம். "மொதல்ல கல்லும் தண்ணியும் பழகட்டும்யா. பெறகு மீன விடு."

ஒரு மாதம் வெறும் கல்லும் தண்ணியும். குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் எட்டிப் பார்த்து "மீனு எங்கண்ணே?" என்பார்கள். "வரும் ஆத்தா" என்பார். அண்ணனுக்குக் கழன்றுவிட்டது என்று நான்தான் முதலில் பரப்பினேன்.

பிறகு நீலத்தில் ரெண்டு குட்டி மீன் வந்தது. ஒரு கடல்சாமந்தியும் வந்தது. பூ மாதிரி விரிகிற கடல் பிராணி. கடல்மீனுக்குக் குளிர் ஆகாதென்று தொட்டியை வீட்டுக்குள்ளேயே, ஸ்டோரோடு சேர்ந்த சூட்டுச் சுவரை ஒட்டி வைத்தார் பாருங்கள்... தண்ணீர் மளமளவென்று வற்றும். வற்ற வற்றக் கேனிலிருந்து கடல் தண்ணீரையே ஊற்றுவார். மீன் சோர்ந்தது. சாமந்தி சுருங்கியது.

மதினி வந்து கண்ணாடி விளிம்பில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"இது தொட்டி இல்லைங்க. எங்கப்பா உப்புப் பாத்தி." ஒரே சிரிப்பு. மலைக்கு வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதே இல்லை. "வத்துறது தண்ணி மட்டுந்தான? உப்பு எங்க போகும்? நல்ல தண்ணிய ஊத்துங்க, வெரசா!"

கூரைத் தண்ணீரைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். சாமந்தி விரிந்தது. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போன பெட்டி, அப்புறம் வெளியே வரவில்லை.

மோட்டார் சத்தம் அலை மாதிரி இருக்கா மதினி என்று கேட்டேன். "அலை மாதிரி இல்லப்பு... ஆனா மூச்சு விடுது. போதும்."

ஒரே தொல்லை, கரண்ட். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தால் மோட்டார் நின்றுவிடும். சத்தம் நின்றதும் மதினி முழித்துக்கொள்வார். அதனால் அண்ணன் ஒரு செம்பை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றிக்கொண்டிருப்பார்... கரண்ட் வருகிற வரைக்கும்.

"மீனுக்குக் காத்து வேணும் தம்பி" என்பார். மீனுக்குத்தான். நாங்களும் நம்பினோம்.

பிறகு போடிக்கே இறங்கிவிட்டார்கள். தொட்டியும் இறங்கியது. மதினி போய்ச்சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

போன பொங்கலுக்குப் பார்க்கப் போயிருந்தேன். பட்டப்பகல். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. அண்ணன் பாதிப் பேச்சில் எழுந்து, செம்பை எடுத்து, ஊற்ற ஆரம்பித்தார். தொட்டியில் கல் மட்டும்தான்.

"மீனே இல்லையேண்ணே..."

உதட்டில் விரலை வைத்தார். "சத்தம் போடாத தம்பி. இப்பத்தான் கண்ணசந்தா."

பஸ்ஸைப் பிடிக்கணும் என்று பொய் சொல்லி வந்துவிட்டேன். என் வீடு நாலு தெரு தள்ளி.

இன்றைக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் அண்ணன். பக்கத்திலேயே தொட்டி. இரண்டும் கண்ணாடி. இரண்டும் உறுமிக்கொண்டிருந்தன.

"உக்கார எடமில்ல. மோட்டார ஆப் பண்ணி நகட்டிரவாண்ணே?" என்றான் முருகன்.

"இருக்கட்டும்டா."

மத்தியானம் கரண்ட் போனது. வீடே அமைதியாகிவிட்டது... காதில் பஞ்சை அடைத்த மாதிரி.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கையில் செம்பு இருந்தது. மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டும் மறுபடி உறுமியதும் அண்ணன் பக்கம் குனிந்தேன்.

கரண்ட் வந்துருச்சுண்ணே. நீங்க போங்க.

மதினி முழிக்கல.