வியாபாரியின் வசனம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்ய யதார்த்த நாடகங்கள் பெரிதும் தோலுரிப்பது அரசு அலுவலகங்களையா, வீடுகளையா? சென்ற ஆண்டு சங்கரன்கோவிலில் நடந்த பட்டிமன்றத்தில், ‘வீடுகளையே’ என்ற அணிக்கு நான் தலைவன். லஞ்சம் வாங்கும் அதிகாரியைக் காட்டிக் கைதட்டல் பெறுவது எளிது. தாழிட்ட கதவுக்குள் மகளைச் சரக்கைப்போல் பேசி முடிக்கும் வியாபாரியைக் காட்டத்தான் துணிவு வேண்டும் என்பது என் வாதம்.

என் உரை எப்போதும் மனப்பாடம். மேற்கோள்களை மட்டும் அட்டையிலிருந்து வாசிப்பேன். அந்த நாடகங்களின் தமிழாக்கங்களைப் படித்து, வசனங்களைத் தேர்ந்து எழுதித் தருபவள் என் தங்கை, பி.எட். கடைசி ஆண்டு மாணவி. அட்டைகளை மேடையில்தான் முதன்முதலாகப் பார்ப்பேன். அதில் எனக்கொரு செருக்கு.

மூன்றாவது அட்டையின் தலைப்பில் ‘வியாபாரி, மாப்பிள்ளை வீட்டாரிடம்’ என்று எழுதியிருந்தாள். மார்பை நிமிர்த்தி வாசித்தேன்.

“பொண்ணுகிட்ட கேக்கதுக்கு என்ன இருக்கு? இங்க நான் சொல்லுததுதான் பேச்சு. படிப்பெல்லாம் சும்மா பொழுதுபோக்குக்கு. நீங்க நாள் குறிங்க.”

வியாபாரி நெல்லைத் தமிழ் பேசியதில் மண்டபமே சிரித்தது. ருஷ்யாவுலயும் நம்ம மாமாதாம்ல இருக்காரு என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தபடி அடுத்த வரிக்குப் போனேன்.

“எலுமிச்சை மண்டிக்காரங்க வீட்டுக்கு வாழப்போக அவளுக்குக் கசக்கவா செய்யும்?”

அந்த வரியோடு வாசிப்பை நிறுத்தினேன். ருஷ்யாவில் ஏது எலுமிச்சை மண்டி? முந்தைய புதன்கிழமை, புளியங்குடியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்களிடம், காலமாகிவிட்ட அப்பாவின் நாற்காலியில் அமர்ந்து நான் சொன்னவை அவை. ஒரு சொல்லும் மாறவில்லை. அவள் காபித் தட்டோடு அங்கே நின்றிருக்கிறாள். நான் பார்த்திருக்கவே இல்லை.

நேரம் மிச்சமிருக்க நான் மேடையிலிருந்து இறங்கியது அன்றுதான். எங்கள் அணி வென்றது. என் மௌனத்தை உயர்ந்த நடிப்பு என்று நடுவர் பாராட்டினார்.

பெண்கள் வரிசையில் அம்மாவின் அருகே அவள் இருந்தாள்.

“ஒனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலியா?”

“இப்பத்தான் நீ கேக்க, அண்ணே,” என்றாள். “வேண்டாம். நான் பரீட்சை எழுதணும்.”

வெள்ளிக்கிழமை அவர்கள் பூ வைக்க வருவதாக இருந்தது. பட்டிமன்றத்துக்கு மறுநாள் காலையிலேயே புளியங்குடிக்குப் பஸ் ஏறினேன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே மாப்பிள்ளையின் தகப்பனார் முன் நின்றேன். தங்கையிடம் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு விருப்பமில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை.

“அவகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு நாங்க சொன்னோம்லா,” என்றார். “நீங்கதான தம்பி எங்களப் பேசவே விடல.”